‘எட்டு மணி நேரம் தூங்கலைன்னா அவ்வளவுதான்’: பிள்ளைகளின் தூக்கம் பற்றி வந்த கடிதங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி தூக்கத்தைப் பற்றியவை. பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் எப்போதும் இப்படித்தான் வரும். நான்கு கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஊரைத் தவிர வேறு அடையாளம் எதையும் வைக்கவில்லை.

அதற்கு முன் ஒன்று. இதைப் படிப்பவர் பெரியவரோ பிள்ளையோ, சாக வேண்டும் என்ற எண்ணம் இப்போதே மனதில் இருந்தால், முதலில் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழக அரசின் 104 இருக்கிறது. சென்னை சினேகா அமைப்பின் எண் 044-24640050.

திருச்செங்கோட்டிலிருந்து ஒரு தாய்: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். என் கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருக்கிறார், வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும். பையன் ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்திருக்கிறான். கேட்டால், “எட்டு மணி நேரம் தூங்கலைன்னா மூளை வேலை செய்யாதும்மா. எனக்கு மூணு மாசமா தூக்கமே இல்லை, என் மூளை போச்சு. இனி நான் எக்ஸாம் எழுதி என்ன?” என்கிறான். போன வாரம், “இப்படித் தூங்காம கிடக்கிறதுக்கு ஒரேயடியாத் தூங்கிடலாம்” என்றான். விளையாட்டுக்குச் சொன்னானா என்று தெரியவில்லை. திருப்பிக் கேட்டால் நானே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். என்ன செய்வது?

பதில்: அம்மா, இன்றைக்கே கேளுங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

நீங்கள் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. உங்களுக்கு வந்த அதே பயம் டாக்டர்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வெகு காலம் இருந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை வைத்து அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2005-ல் முடிவு வெளியானது. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்கப்பட்ட பிள்ளைகளுக்கு, கேட்கப்படாதவர்களைவிட மனக்கலக்கமோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்குக் கேட்டதே கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன. என் ஆலோசனை அறையில் உட்கார்ந்து பேசிய பிள்ளைகள் சொன்னதும் இதுதான்: யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன் என்பார்கள்.

எப்படிக் கேட்பது? சாப்பாடு போடும்போது, தங்கை பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம். ராத்திரி அவன் எழுந்து உட்கார்ந்திருக்கும் நேரத்திலேயே நீங்களும் எழுந்து பக்கத்தில் போய் உட்காரலாம். “அன்னைக்கு ஒரேயடியாத் தூங்கிடலாம்னு சொன்னியே, செத்துப் போயிடலாம்னு தோணுதாப்பா?” இப்படியே, இந்த வார்த்தையிலேயே கேளுங்கள். சுற்றி வளைத்து “அந்த மாதிரி எதுவும் நினைக்கலைதானே?” என்று கேட்டால் இல்லை என்ற பதிலை நீங்களே அவன் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். கேட்ட பிறகு சும்மா இருங்கள். அவன் அழுதால் அழட்டும். “உனக்காக அப்பா எங்கேயோ கிடந்து கஷ்டப்படறாரே, எங்களை நெனைச்சியா?” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவன் ஏற்கெனவே அதைத்தான் ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருப்பான்.

ஆமாம் என்று சொன்னால், எப்படி, எப்போது என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறானா என்று கேளுங்கள். யோசித்திருந்தால் அவனைத் தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநல டாக்டர் இருப்பார். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எண்ணம் வந்ததைச் சொல்வது எந்தக் காலத்திலும் குற்றம் இல்லை. முயன்றவரைக்கூட, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி அக்கறையும் சிகிச்சையும் தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். மாத்திரை, மருந்து, காட்டுக்கு அடிக்கிற பூச்சிமருந்து எல்லாவற்றையும் பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள். ‘சாகணும்னு நெனைச்சவன் எப்படியும் செய்வான்’ என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மையில்லை. அந்த வேகம் பலருக்குச் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான் உச்சத்தில் நிற்கும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கிறது. சினேகாவைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவும் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீடுகளில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான பூட்டிய பெட்டகத்தில் வைக்கச் செய்து பார்த்ததும் இந்த எண்ணத்தில்தான்.

இப்போது தூக்கத்துக்கு வருகிறேன். தூக்கம் இங்கே சின்ன விஷயம் இல்லை. உங்கள் மகன் சொன்ன வாக்கியங்களைத் திரும்பப் படியுங்கள். தூக்கம் இல்லை என்று தொடங்குகிறான், மூளை போச்சு என்கிறான், பரீட்சை எதற்கு என்கிறான், கடைசியில் ஒரேயடியாத் தூங்கிடலாம் என்கிறான். தூக்கம் குறைந்ததைக் காட்டிலும், ‘இது இனி சரியாகாது, இதோடு என் வாழ்க்கையும் போனது’ என்கிற தீர்மானம்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் சார்லஸ் மோரின் 1993-லேயே இப்படிப்பட்ட நம்பிக்கைகளைத் தொகுத்து ஒரு கேள்வித்தாளாக்கினார். எட்டு மணி நேரம் தூங்கினால்தான் தெளிவாக இருக்க முடியும், ஒரு ராத்திரி கெட்டால் வாரமே கெட்டுவிடும், என் தூக்கம் என் கட்டுப்பாட்டை விட்டுப் போய்விட்டது என்கிற மாதிரி வாக்கியங்கள் அதில் உண்டு. அமெரிக்க மனநல டாக்டர் வான் மெக்கால் 2013-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பெரியவர்களை வைத்து, குறைந்த எண்ணிக்கையில் செய்ததுதான். ஆனாலும் அதில் தெரிந்தது முக்கியமானது: தூக்கமின்மைக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் நடுவில் இரண்டு விஷயங்கள் நின்றன. ஒன்று கெட்ட கனவு, இன்னொன்று தூக்கத்தைப் பற்றிய இந்த மாதிரி நம்பிக்கைகள்.

அந்த நம்பிக்கையை நாம்தான் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறோம். அரையாண்டுத் தேர்வு வரை ‘தூங்கினா மார்க் வராது’ என்போம். பொதுத்தேர்வுக்கு முந்தின ராத்திரி ‘நல்லாத் தூங்கு, இல்லைன்னா படிச்சதெல்லாம் மறந்துடும்’ என்போம். பிள்ளை எதை எடுத்துக்கொள்ளும்? 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்குவது நல்லது என்று மருத்துவ அமைப்புகள் சொல்வது சரிதான். அது பல நாட்களைச் சேர்த்துப் பார்க்கிற கணக்கு. ஒவ்வொரு ராத்திரிக்கும் பாஸா ஃபெயிலா என்று போடும் மார்க் இல்லை. ஒரு நாள் நான்கு மணி நேரமே தூங்கியவர் மறுநாள் களைப்பாக, எரிச்சலாக இருப்பார், கவனம் சிதறும். படித்ததெல்லாம் அழிந்துபோகாது. மூளை வீணாகாது. தூக்கம் கெட்டுப்போன பிள்ளைக்கு இதை யாராவது நிதானமாக உட்கார்ந்து சொல்ல வேண்டும். இன்னொன்றும் சொல்லுங்கள்: மூன்று மாதமாகத் தூக்கமே இல்லை என்று அவனுக்குத் தோன்றினாலும், அவன் உடம்பு விட்டு விட்டுத் தூங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். ஆனால் “பொய் சொல்றே, நான் பார்க்கும்போது குறட்டை விட்டியே” என்று சண்டைக்குப் போகாதீர்கள். அவன் படுகிற அவஸ்தை பொய்யில்லை.

ராத்திரிக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கட்டும், எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும். கண் சொக்கும்போதுதான் பாயை விரிக்க வேண்டும். படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் (கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், குத்துமதிப்புதான்) எழுந்து, மங்கலான விளக்கில் சலிப்பூட்டுகிற எதையாவது செய்யட்டும். தினத்தந்தியை மடித்து அடுக்குவதாக இருந்தாலும் சரி. பாடப்புத்தகமும் செல்போனும் கூடாது. தூக்கம் வந்ததும் திரும்பப் படுக்கட்டும். சுவர்க்கடிகாரத்தை வேறு அறைக்கு மாற்றுங்கள். சாயங்காலத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம்; அது உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். ‘படுக்கும் நேரத்தையே குறைத்துக்கொள்’ என்று ஒரு சிகிச்சை முறை யூடியூபில் வரும். நல்ல முறைதான், ஆனால் இப்போது இருக்கிற நிலையில் டாக்டர் பக்கத்தில் இல்லாமல் அவன் அதைச் செய்யக் கூடாது.

ஹாலில் எல்லோரும் ஒன்றாகப் படுக்கும் வீடு, எழுந்து எங்கே போவான் என்று கேட்பீர்கள். சமையலறை போதும். மொட்டை மாடிக்குத் தனியாகப் போக விடாதீர்கள். நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் நடுவில் விழித்திருப்பவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், தற்கொலைச் சாவு அந்த நேரத்தில்தான் எதிர்பார்ப்பதைவிட அதிகம் என்று அமெரிக்காவில் 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. களைத்த மூளை, பேச ஆளில்லாத வீடு, இருட்டு. பகலில் தாங்கிக்கொள்கிற ஒன்று ராத்திரி மூன்று மணிக்குத் தாங்க முடியாததாகத் தெரியும். அதனால் அவனோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: “ராத்திரி எது தோன்றினாலும் முடிவு செய்யக் கூடாது, என்னை எழுப்பணும்.” எழுப்பினால் திட்டக் கூடாது. வேலைக்குப் போய்விட்டு வந்து அசந்து படுத்திருப்பீர்கள், தெரியும். இந்தச் சில வாரங்கள் ஓர் அக்காவையோ அம்மாவையோ வீட்டுக்கு வரச் சொல்லி முறை வைத்துக்கொள்ளுங்கள். கணவருக்கும் இன்றே போன் போட்டுச் சொல்லுங்கள். வேலை கெடும் என்று மறைக்க வேண்டிய செய்தி இல்லை இது.

இத்தனையும் செய்துகொண்டே, அவன் இல்லை என்று சொன்னாலும் ஒரு முறை மனநல டாக்டரிடம் காட்டுங்கள். நடுராத்திரியில் விழிப்பு வந்து திரும்பத் தூக்கம் பிடிக்காமல் இருப்பது மனச்சோர்வு நோயின் அடையாளமாகவும் இருக்கலாம். அந்த நோய்க்கு மருத்துவம் இருக்கிறது.

கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: நாங்கள் பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து படித்தவர்கள். பதினாறு வயதுப் பேரன் ராத்திரி பன்னிரண்டுக்குப் படுத்து எட்டு மணிக்கு எழுகிறான். நாலு மணிக்கு எழுப்பிவிட்டால் புத்தகத்தின் மேலேயே தூங்குகிறான். சோம்பேறித்தனத்துக்கு மருந்து உண்டா?

பதில்: ஐயா, அது சோம்பேறித்தனம் இல்லை. பருவம் வரும்போது உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகிறது. இரவு வந்ததை உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் அந்த வயதில் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடான் என்ற அம்மையார் 1990-களிலிருந்து இதை ஆராய்ந்து காட்டியிருக்கிறார். உங்கள் பேரனை ஒன்பது மணிக்குப் படுக்க வைத்தாலும் அவனுக்குத் தூக்கம் வராது, புரண்டுகொண்டு கிடப்பான். நாலு மணிக்கு எழுப்பும்போது அவன் உடம்புக்கு அது நடுராத்திரி. நீங்கள் நாலு மணிக்கு எழுந்தது உண்மை. எட்டரை, ஒன்பதுக்கெல்லாம் ஊர் அடங்கிவிடும், நீங்களும் படுத்திருப்பீர்கள், இல்லையா? அவனுக்கு டியூஷன் முடிவதே ஒன்பதுக்கு.

நீங்கள் ஆசிரியர் என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பள்ளிக்கூடங்களிலும் விடுதிகளிலும் பத்தரை வரை படிக்க வைத்து நாலரைக்கு மணி அடிப்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். பிள்ளைகளின் தூக்கத்தை இரண்டு முனையிலும் வெட்டிவிட்டு, வகுப்பில் தூங்கினால் நிற்க வைக்கிறோம். தினமும் சோம்பேறி என்று கேட்டு வளரும் பிள்ளை, நம்மிடம் ஏதோ கோளாறு, நாம் எதற்கும் உதவமாட்டோம் என்று முடிவு கட்டிக்கொள்கிறது. அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். ஆறரைக்கு எழுப்புங்கள், காலை வெயிலில் உங்களோடு காவிரிக்கரைப் பக்கம் நடக்கக் கூட்டிப் போங்கள். காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் இழுக்கும், கொஞ்சம் கொஞ்சமாக. பேரனும் தாத்தாவும் பேசவும் நேரம் கிடைக்கும்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு மாணவி: டாக்டர் ஆன்ட்டி, நான் பிளஸ் ஒன். எனக்கு விடியக்காலையில் நான் செத்துப் போன மாதிரி கனவு வருகிறது. எல்லோரும் அழுகிறார்கள், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆச்சி, விடியக்காலைக் கனவு பலிக்கும் என்று சொல்லிக் கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார்கள். எனக்குத் தூங்கவே பயம். மூன்று மணி வரை போன் பார்த்துக்கொண்டு விழித்திருக்கிறேன். என் விதியே இதுதானா?

பதில்: இல்லைம்மா. நீ எழுதியதற்கு முதலில் நன்றி. இதை எழுதுவது உனக்குச் சுலபமாக இருந்திருக்காது.

விடியக்காலையில் கனவு அதிகம் வருவதற்கு உடம்பில் காரணம் இருக்கிறது. கனவு தெளிவாக வருகிற தூக்கக் கட்டம் ராத்திரியின் கடைசிப் பகுதியில்தான் நீளமாக வரும். எல்லோருக்கும் அப்படித்தான். அதை அடுத்து உடனே விழிப்பதால் அந்தக் கனவு நினைவில் நிற்கிறது; முன்ராத்திரிக் கனவு மறந்துபோகிறது. ஆச்சி காலத்தில் அதற்கு ஓர் அர்த்தம் கொடுத்தார்கள். ஆச்சி உன் மேல் உள்ள பாசத்தில் கயிறு கட்டியிருக்கிறார்கள், கயிறு இருக்கட்டும். கனவு பலிக்கும் என்பதை மட்டும் நீ எடுத்துக்கொள்ளாதே. கனவு, வரப்போவதைச் சொல்லும் செய்தி இல்லை.

நீ மூன்று மணி வரை விழித்திருப்பது கனவைத் தடுக்காது. தூக்கம் பாக்கி விழுந்தால், அடுத்து கிடைக்கிற தூக்கத்தில் கனவு இன்னும் அழுத்தமாக வரலாம். அதற்குப் பதிலாக இதைச் செய்து பார். பகலில், நல்ல வெளிச்சத்தில், ஒரு நோட்டில் அந்தக் கனவை எழுது. முடிவை மட்டும் உனக்குப் பிடித்த மாதிரி மாற்று. நீ எழுந்து உட்கார்கிறாய், அழுதவர்கள் சிரிக்கிறார்கள், எல்லோரும் கடற்கரைக்குப் போய் மக்ரூன் சாப்பிடுகிறீர்கள் என்று எதை வேண்டுமானாலும் எழுது. மாற்றிய கதையைத் தினமும் சில நிமிடம் கண்ணை மூடி மனதில் ஓட்டிப் பார். விளையாட்டு மாதிரித் தெரியும். கெட்ட கனவுக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற சிகிச்சை இது. எழுதும்போது பதற்றம் கூடினால் நிறுத்திவிட்டு என்னைப் போன்ற ஒருவரோடு உட்கார்ந்து செய்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். கனவில் இல்லாமல், விழித்திருக்கும்போது உனக்குச் சாகணும் என்று தோன்றுகிறதா? தோன்றினால் அது உன் விதியும் இல்லை, உன் தப்பும் இல்லை. கெட்ட கனவும் தூக்கமின்மையும் சேர்ந்தால் அந்த எண்ணம் வரக்கூடும் என்று டாக்டர்களுக்குத் தெரியும். இன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல். அம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால் சித்தி, இல்லையென்றால் உனக்குப் பிடித்த டீச்சர். சொல்ல வாய் வரவில்லையென்றால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடு. ராத்திரியில் வந்தால் 14416. நீ எனக்கு மறுபடி எழுது, காத்திருப்பேன்.

அம்பத்தூரிலிருந்து ஒரு தந்தை: பதினேழு வயது மகள் “செத்துடுவேன்” என்று அடிக்கடி சொல்வாள். குரைக்கிற நாய் கடிக்காது என்று நான் விட்டுவிட்டேன். தூக்கம் சரியில்லை என்று என் மனைவிதான் டாக்டரிடம் கூட்டிப்போனாள். மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார். பத்து நாளாக நன்றாகத் தூங்குகிறாள். தூக்கம் சரியானால் எல்லாம் சரியானதுதானே? மாத்திரையை நிறுத்திவிடலாமா? திரும்பத் தூக்கம் கெட்டால் மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

பதில்: நிறுத்த வேண்டாம் சார். உங்கள் மனைவி செய்தது சரியான காரியம். இனி அந்தப் பழமொழியை மகள் விஷயத்தில் சொல்லாதீர்கள். தற்கொலையில் இறந்தவர்களில் பலர் அதற்கு முன் யாரிடமாவது, ஏதாவது ஒரு விதத்தில் சொல்லியிருக்கிறார்கள். சொல்வது உதவி கேட்பது.

தூக்கம் முதலில் சரியாவது நல்ல அறிகுறி. மனம் தேறுவதற்கு இன்னும் வாரங்கள் ஆகும். இந்த மாத்திரைகளைத் தொடங்கிய முதல் சில வாரங்களில், இளம் வயதினரில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-ல் உத்தரவிட்டு, மருந்துக்கான குறிப்பிலேயே இந்த எச்சரிக்கையைப் போட வைத்திருக்கிறது. பயந்து நிறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பக்கத்திலிருந்து கவனிக்கச் சொல்கிறேன். படபடப்பு, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு, திடீர்க் கோபம், திரும்பத் தூக்கம் கெடுவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திராமல் அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். மெடிக்கலில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்குவது வேண்டவே வேண்டாம். கொடுக்க வேண்டிய மாத்திரையையும் அட்டையாக அவளிடம் விடாமல், உங்களில் ஒருவர் வைத்துக்கொண்டு அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் எடுத்துக் கொடுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்க நீங்களும் போங்கள். கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்து, மகள் அவரிடம் தனியாகப் பேச இடம் கொடுங்கள். உள்ளே என்ன பேசினாய் என்று ஆட்டோவில் வரும்போது கேட்காதீர்கள்.